தேதி போடாத சிட்டை

இந்தத் தடவை கம்ப்யூட்டர் மேட்டர். "பி.காம். படிக்கிற உனக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்று வகுப்பிலேயே நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். கணக்கு எழுதுகிற வேலை ஒன்றை, அது கணக்கு எழுதுகிற வேலை என்றே தெரியாதவர்களிடம் முழுசாக விட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

இன்றைக்கு நாம் பணம் கட்டுகிற, டிக்கெட் எடுக்கிற, ஹால் டிக்கெட் இறக்கிக்கொள்கிற இடத்தில் எல்லாம் பின்னால் ஒரு வெப் ஏபிஐ உட்கார்ந்திருக்கிறது. கணினித் துறை நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும், இது நம் வகுப்புக்காரர்களுக்காக. ஏபிஐ என்பது கடையின் பின்பக்க ஜன்னல் மாதிரி. மொபைல் ஆப்போ இணையதளமோ வந்து அந்த ஜன்னலில் ஒரு சீட்டை நீட்டும். உள்ளே இருக்கிறவர் வேலையை முடித்துப் பதில் சீட்டு கொடுப்பார். நாளைக்கு லட்சம் சீட்டுகூட வரலாம். எந்தச் சீட்டு எப்போது வந்தது, என்ன பதில் போனது, எங்கே சிக்கியது என்று அவர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வரவேண்டும். அந்த நோட்டுதான் லாக். எதை எழுதுவது, எவ்வளவு விவரமாக எழுதுவது, எந்த அலமாரியில் எத்தனை நாள் வைப்பது என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் லாகிங் கான்ஃபிகரேஷன்.

பெரும்பாலான இடங்களில் இது எல்லா வேலையும் முடிந்தபின், நேரம் மிச்சமிருந்தால் செய்கிற வேலை. நேரம் எப்போது மிச்சமிருந்திருக்கிறது? அதனால் டெம்ப்ளேட்டில் என்ன வந்ததோ அதுவே கடைசிவரை இருக்கிறது. என் கட்சி என்னவென்றால், டெம்ப்ளேட்டை அப்படியே விடுவதும் ஒரு முடிவுதான், ஆனால் யாரும் உட்கார்ந்து யோசித்து எடுக்காத முடிவு. அதற்கான விலையைப் பெரும்பாலும் அந்த ஏபிஐயை எழுதினவர் கொடுப்பதில்லை, ஜன்னலுக்கு வெளியே சீட்டோடு நிற்கிறவர்தான் கொடுக்கிறார்.

பொத்தாம் பொதுவாகப் பேசாமல் ஒரு நிஜ கேஸை எடுத்துக்கொள்வோம். என் அறைத்தோழன் பி.சி.ஏ. விடுதி மெஸ் கணக்குக்காக ஒரு ஆப் எழுதினான். யார் எத்தனை வேளை சாப்பிட்டார்கள், விருந்தாளி டோக்கன் எத்தனை, மாசக் கடைசியில் யார் எவ்வளவு கட்டவேண்டும், கட்டினார்களா. பின்னால் இருப்பது மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட் கோர். எனக்கு அதில் ஒரு வரி எழுதத் தெரியாது. கணக்கு என்று வந்துவிட்டதால் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். பயல் என்ன எழுதுகிறான் என்று சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு லாக் பகுதி வந்ததும் தூக்கம் போய்விட்டது.

புதிதாக ஒரு புராஜெக்ட் திறந்தால் ஆப்செட்டிங்ஸ் என்று ஒரு கோப்பு வருகிறது. அதில் லாகிங் என்ற தலைப்பின் கீழ் மொத்தமே இரண்டு வரி. பொதுவாக எல்லாவற்றுக்கும் 'இன்ஃபர்மேஷன்' மட்டம். ஏஎஸ்பி டாட் நெட் கோரின் சொந்தப் பகுதிகளுக்கு மட்டும் 'வார்னிங்' மட்டம். மொத்தம் ஆறு மட்டங்கள்: ட்ரேஸ், டீபக், இன்ஃபர்மேஷன், வார்னிங், எரர், கிரிட்டிகல். ஒரு மட்டத்தைச் சொன்னால் அதுவும் அதற்கு மேலே உள்ளவையும்தான் நோட்டில் ஏறும், கீழே உள்ளவை போயே போச்சு. இதில் அந்த இரண்டாவது வரி என்ன செய்கிறது தெரியுமா? ஒரு கோரிக்கை வந்தது, முடிந்தது, என்ன விடை போனது, எத்தனை மில்லிவினாடி ஆனது என்பதை எல்லாம் ஃபிரேம்வொர்க் இன்ஃபர்மேஷன் மட்டத்தில்தான் எழுதுகிறது. அங்கே வார்னிங் என்று வைத்ததும் அத்தனையும் வடிகட்டப்பட்டுவிடும். அதாவது வந்தபடியே விட்டால், ஜன்னலுக்கு யாராவது வந்தார்களா என்பதே நோட்டில் இருக்காது. ஆள் வந்து, சண்டை நடந்து, கண்ணாடி உடைந்தால் மட்டும் எழுதுவார் :-)

சரி, எழுதுவதை எங்கே எழுதுகிறது? கன்சோலில், அதாவது திரையில். கோப்பில் எழுதுகிற வசதி அதோடு சேர்ந்து வருவதில்லை, செரிலாக் மாதிரி ஒன்றை நாமாகச் சேர்க்கவேண்டும். விண்டோஸில் ஐஐஎஸ் சர்வருக்குக் கீழே ஓட்டினால் அந்தத் திரை வெளியீட்டைப் பிடித்துவைக்கிற அமைப்பு முதலில் அணைத்துத்தான் இருக்கும். விண்டோஸின் ஈவென்ட் லாகில் வார்னிங்கும் அதற்கு மேலும் மட்டும் போய் விழும். மிச்சமெல்லாம் காற்றோடு போகும். டாக்கரில் ஓட்டினால் நேர் எதிர்க் கஷ்டம்: அதன் வழக்கமான லாக் டிரைவருக்கு நாம் அளவு சொல்லாவிட்டால் கோப்பு வளர்ந்துகொண்டே போய் ஒருநாள் டிஸ்க்கையே நிரப்பிவிடும். இது போதாதென்று கண்டெய்னரை நீக்கினால் அந்த லாகும் கூடவே போய்விடும்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது இதெல்லாம் அல்ல. கன்சோலில் எழுதும்போது தேதியும் நேரமும் வருவதில்லை! நிஜமாகத்தான். டைம்ஸ்டாம்ப் ஃபார்மட் என்று ஒன்றை நாமாகக் கொடுத்தால்தான் வரும். பதினொன்றாம் வகுப்பில் குறிப்பேடு போடச் சொல்லிக்கொடுத்தார்களே, அதில் முதல் பத்தி என்ன? நாள். மளிகைக் கடைச் சிட்டையில்கூட மேலே தேதி போடாமல் ஒரு வரி எழுதமாட்டார்கள். "டேய், இது தேதியில்லாத சிட்டைடா" என்றேன். "டாக்கர் போட்டுக்கும், லினக்ஸ்ல சிஸ்டம்டி போட்டுக்கும், அதனாலதான் விட்டிருக்காங்க" என்றான். வாதம் சரிதான். பிடிக்கிற பாத்திரம் நேரம் போடும் என்ற நம்பிக்கையில் ஊற்றுகிறவர் விட்டுவிட்டார். பாத்திரமே இல்லாத இடத்தில்?

நேரம் என்றதும் இன்னொன்று. சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு நான் ஒரு பணம் கட்டினால் லாகில் அது மார்ச் 31 இரவு 8.30. கணினித் துறைக்காரருக்கு இது வெறும் கழித்தல் கணக்கு. நமக்கு? போன நிதியாண்டு! நேரத்தோடு அது எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்ல ஒரு நிமிட வேலைதான். ஆனால் அதைக் கேட்க நிதியாண்டு என்ற சொல் தெரிந்த ஒரு ஆள் அந்த அறையில் இருக்கவேண்டும்.

இப்போது வெளியே சீட்டோடு நிற்கிறவர் கதைக்கு வருவோம். என் வகுப்புத் தோழி ஒருத்தி கட்டணம் ஒன்றை ஆன்லைனில் கட்டினாள். எந்த அலுவலகம், எந்தக் கட்டணம் என்பதெல்லாம் வேண்டாம். யுபிஐயில் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. இவர்கள் தளத்தில் 'நிலுவை' என்றே காட்டுகிறது. கடைசித் தேதி அன்றைக்கு. நேரில் போனால் கவுண்டரில் ஒரே பதில்: "எங்க சைடுல எதுவும் காட்டலம்மா." வங்கி ஆப்பில் இருந்த பரிவர்த்தனை எண்ணைக் காட்டினாள். அதை வைத்துத் தேட அவர்களிடம் எதுவும் இல்லை. அபராதத்துக்குப் பயந்து, வீட்டுக்குப் போன் போட்டு, இரண்டாவது தடவையும் கட்டினாள். முதல் தடவை போன பணம் பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தது. பதினோரு நாள் என்பது சிலருக்கு ஒன்றுமில்லை. அவள் வீட்டில் அது அந்த மாசத்து வாடகை.

தொழில்நுட்பமாக என்ன நடந்திருக்கும்? பணம் வாங்கித் தருகிற கேட்வே நிறுவனம், பணம் வந்ததும் இவர்களுடைய ஏபிஐக்கு ஒரு தகவல் அனுப்பும். ஒன்று அந்தத் தகவல் வரவேயில்லை. அல்லது வந்தது, கையெழுத்துச் சரிபார்ப்பில் தோற்று, இவர்கள் ஏபிஐயே அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. அல்லது வந்தது, ஏற்றுக்கொண்டது, டேட்டாபேஸில் எழுதும்போது சிக்கியது. மூன்றுக்கும் பொறுப்பாளி வேறு, தீர்வு வேறு. வந்ததை ஒரு வரி குறித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். குறிப்பு இல்லாததால் 'எங்க சைடுல எதுவும் காட்டல' என்பது 'எதுவும் வரல' என்று ஆகி, அது 'நீ கட்டல' என்று ஆகிவிட்டது. இந்த மூன்றும் ஒன்றல்ல என்று கவுண்டரில் இருந்தவருக்கும் தெரியாது, பாவம்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு வைத்தே ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. யுபிஐயில் கடைக்காரருக்குக் கட்டிய பணம் கழிந்து, அவர் பக்கம் உறுதியாகவில்லை என்றால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வரவேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நல்ல விதி. ஆனால் யார் பக்கம் எப்போது என்ன நடந்தது என்று காட்ட ஒரு நோட்டு இருந்தால்தான் இந்த விதிக்குப் பல் இருக்கும்.

இங்கே இன்னொரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கோடில் பிழை வந்தால் பிடித்துக்கொண்டு, ஒன்றும் எழுதாமல், ஒன்றும் நடக்காதது போல மேலே போவது. காலி கேட்ச் பிளாக் என்கிறார்கள். நம் பாடத்தில் இருப்பாய்வு ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடுவோம் இல்லையா, அது மாதிரிதானே என்றான் நண்பன். கிடையவே கிடையாது. அனாமத்துக் கணக்கில் அந்தத் தொகை கண்ணுக்குத் தெரியும், யாராவது ஒருநாள் கேட்பார்கள். இது வித்தியாசத்தை ரப்பர் வைத்து அழிக்கிற வேலை.

சரி, தீர்வு என்ன, எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டியதுதானே? இல்லை. இங்கேதான் நண்பனுக்கும் எனக்கும் நிஜமான சண்டை வந்தது.

என் வாதம்: லாக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு புத்தகங்களைப் போட்டுக் குழப்புகிறீர்கள். ஒன்று, மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற புத்தகம். எந்த வரியில் தாமதம், எந்தக் கேள்விக்கு டேட்டாபேஸ் மூச்சு வாங்கியது, எங்கே தொடர்பு அறுந்தது. இது பணிமனை நோட்டு. மட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பத்து நாளில் கிழித்துப் போடலாம். இது எழுத முடியாமல் போனால் அதற்காகக் கடையை மூடக்கூடாது. இரண்டாவது, யார் எப்போது எந்தக் கணக்கை எதிலிருந்து எதுவாக மாற்றினார் என்கிற புத்தகம். இது குறிப்பேடு. இதற்கு மட்டமே கிடையாது, அணைக்கிற சுவிட்சும் இருக்கக்கூடாது. இதில் எழுத முடியாவிட்டால் அந்தப் பரிவர்த்தனையே நடக்கக்கூடாது. அதனால் இதை லாக் கோப்பில் போடாமல், பணப் பதிவு நடக்கிற அதே டேட்டாபேஸ் டிரான்ஸாக்ஷனுக்குள் வைத்து எழுதவேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறும், அல்லது இரண்டும் ஏறாது. இரட்டைப் பதிவு முறை படித்தவனுக்கு இதைவிட இயல்பான யோசனை உண்டா?

நண்பன் முதலில் இரண்டையும் ஒரே கோப்பில்தான் போட்டிருந்தான். செரிலாக் கோப்பு நாள்தோறும் மாறுகிற மாதிரி வைத்தால், வழக்கமாக 31 கோப்புகளை வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். இன்னொன்று, ஒரு கோப்பு 1 ஜிபியைத் தொட்டதும் எழுதுவதை நிறுத்திவிடும். அளவு முட்டினால் அடுத்த கோப்பு திற என்று தனியாகச் சொன்னால்தான் திறக்கும். மெஷின் நோட்டுக்கு இது சமத்தான ஏற்பாடு, டிஸ்க் நிரம்பாது. ஆனால் மெஸ் பாக்கிச் சண்டை ஒரு மாசத்துக்குள்ளா வருகிறது? செமஸ்டர் கடைசியில் 'நோ டியூஸ்' வாங்கப் போகும்போதுதானே வரும்! அப்போது ஆறு மாசத்துக்கு முந்தைய திருத்தம் எங்கே இருக்கும்?

"மெஸ் ஆப்புக்கு எதுக்குடா கம்பெனிச் சட்டம்?" என்றான். அவனாகத்தான் அந்த வார்த்தையை எடுத்தான், நான் விடுவேனா? 2021 மார்ச்சில் நம் மத்திய அரசு கம்பெனிகள் கணக்கு விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. இரண்டு முறை தள்ளிப்போய் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கணக்கு எழுத மென்பொருள் பயன்படுத்துகிற ஒவ்வொரு கம்பெனியும், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஆடிட் டிரெயில் பதிகிற மென்பொருளையே பயன்படுத்தவேண்டும். ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு எடிட் லாகில் ஏறவேண்டும். முக்கியமானது, அதை அணைக்க முடியக்கூடாது. அது ஆண்டு முழுக்க இயங்கியதா, யாராவது கைவைத்தார்களா, பாதுகாத்து வைத்திருக்கிறார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லவேண்டும். கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பது கம்பெனிச் சட்டத்தின் 128வது பிரிவு. இந்த விதிக்காகத்தான் டாலியே எடிட் லாக் என்று தனிப் பதிப்பு கொண்டுவந்தது. சி.ஏ. இன்டர் எழுதப் போகிறவர்கள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்துக்கொள்ளவும், ஹி ஹி.

கவனியுங்கள், சட்டம் இங்கே கேட்பது இரண்டாவது புத்தகத்தை. முதல் புத்தகத்துக்கும் ஒரு விதி உண்டு. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று கொடுத்த உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாகை 180 நாள் இந்திய எல்லைக்குள் வைத்திருக்கவேண்டும், கடிகாரங்களை நிர்ணயிக்கப்பட்ட நேர சர்வர்களோடு ஒத்திசைக்கவேண்டும். அரசாங்கமே இரண்டையும் வேறு வேறு விதியில், வேறு வேறு காலக்கெடுவோடு வைத்திருக்கிறது. நாம் மட்டும் ஏன் ஒரே கோப்பில் கொட்டவேண்டும்?

நண்பன் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. அவன் பயம் வேறு: "எல்லாத்தையும் எழுது எழுதுன்னா, எழுதக்கூடாததும் சேர்ந்து ஏறிடும்டா." நூற்றுக்கு நூறு சரி. 2018 மே மாதம் ட்விட்டர் (இப்போது எக்ஸ்) தன் 33 கோடிச் சொச்சம் பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது நினைவிருக்கலாம். யாரும் உள்ளே புகுந்து திருடவில்லை. பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமிக்கிற வேலை முடிவதற்கு முன்பே, அது உள்ளபடியே ஒரு உள் லாகில் ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். 2019 மார்ச்சில் ஃபேஸ்புக்கும் இதே மாதிரி கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகள் தன் உள் அமைப்புகளில் வெறும் எழுத்தாகக் கிடந்ததை ஒப்புக்கொண்டது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் போட்ட அபராதம் 9.1 கோடி யூரோ. டேட்டாபேஸுக்குப் பத்துப் பூட்டு போட்டவர்கள் லாக் நோட்டைத் திண்ணையில் வைத்துவிட்டார்கள்.

இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக்கூடாது. லாகில் ஏறினாலும் அது சேமிப்புதான். டேட்டாபேஸில் இல்லையே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால்தான் வந்த கோரிக்கையை மொத்தமாகத் தூக்கி லாகில் போடுகிற சோம்பேறித்தனத்தை நானும் எதிர்க்கிறேன். ஏஎஸ்பி டாட் நெட் கோரில் 2021இல் வந்த 6வது பதிப்பிலிருந்து ஹெச்டிடிபி லாகிங் என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் அனுமதிப் பட்டியலில் இல்லாத ஹெட்டர்களின் மதிப்பை அது தானாகவே மறைத்துவிடுகிறது. இந்த ஒரு இடத்தில் டெம்ப்ளேட்காரர்களுக்கு என் சல்யூட். எதை மறைப்பது என்று பட்டியல் போட்டால் ஒன்று விட்டுப்போகும். எதைக் காட்டலாம் என்று பட்டியல் போட்டால் விட்டுப்போனதும் மறைந்தே இருக்கும்.

லாகில் ஏறுவது என்னவென்று பார்க்காமல் ஏற்றுவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. 2021 டிசம்பரில் உலகத்தையே தூங்கவிடாமல் செய்த லாக்4ஷெல் ஓட்டை, ஜாவாவின் லாக்4ஜே என்ற லாகிங் நூலகத்தில் இருந்தது. வெளியாள் அனுப்புகிற ஒரு சொற்றொடரை அது லாகில் எழுதப்போகும்போது, எழுதுவதோடு நிற்காமல் அதை ஒரு கட்டளையாகப் படித்து வெளியே எங்கோ தொடர்புகொண்டு, அங்கிருந்து வந்ததை ஓட்டவும் செய்தது. அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. கணக்குப்பிள்ளை வவுச்சரில் எழுதியிருப்பதை நோட்டில் ஏற்றாமல், எழுதியிருந்தபடி கல்லாவைத் திறந்து கொடுத்த மாதிரி! இதைவிடச் சின்ன வித்தையும் ஒன்று இருக்கிறது. தன் பெயர் கேட்கிற இடத்தில் ஒருவர் பெயரோடு ஒரு புதுவரிக் குறியையும் சேர்த்து அனுப்பினால், சாதாரண எழுத்துக் கோப்பில் அது தனி வரியாக, நடக்காத ஒரு நிகழ்வாகத் தெரியும். பழைய கணக்குப்பிள்ளைகள் மிச்ச இடத்தில் குறுக்குக் கோடு இழுத்து அடைப்பது இதற்குத்தானே! ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனிப் பத்தியில் போடுகிற மாதிரி, ஸ்ட்ரக்சர்டு லாகிங் என்ற முறையில் எழுதினால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். தேடுவதும் சுலபம். ஒரு கோரிக்கை உள்ளே எத்தனை இடம் போனாலும் கூடவே ஒரே எண்ணைச் சுமந்து போகவைத்தால் (ட்ரேஸ் ஐடி என்கிறார்கள், நமக்கு வவுச்சர் நம்பர்) அந்தத் தோழி கேட்டதற்கு ஒரே தேடலில் பதில் கிடைத்திருக்கும்.

இவ்வளவும் எழுதியது ஒரு விஷயத்துக்காக. பிரிட்டன் தபால் துறையின் ஹொரைசன் வழக்கு. ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் கணக்கு மென்பொருள் 1999 முதல் அங்கே தபால் கிளைகளுக்கு வந்தது. கிளையை நடத்துகிறவர்கள் நம் ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் மாதிரிச் சின்ன ஆட்கள். திரையில் பற்றாக்குறை காட்டும், கல்லாவில் பணம் சரியாக இருக்கும். ஒப்பந்தப்படி பற்றாக்குறையை அவர்கள்தான் கட்டவேண்டும். பலர் சேமிப்பை உடைத்துக் கட்டினார்கள். திருடினார்கள், பொய்க்கணக்கு எழுதினார்கள் என்று 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரையே விட்டார்கள்.

லாக் அங்கேயும் இருந்தது. ஆனால் யாரிடம்? கிளைக்காரரிடம் இல்லை. அவர் தன் பக்கத்தை நிரூபிக்கத் தேவையான முழுப் பதிவும் அவர்மேல் வழக்குப் போட்டவர்கள் பக்கமே இருந்தது. அதைவிட மோசம், ஃபுஜிட்சு ஊழியர்களால் தூரத்திலிருந்தே ஒரு கிளைக் கணக்கில் பதிவைச் சேர்க்க முடிந்தது, பழைய ஹொரைசனில் அது கிளையிலேயே நடந்தது போலத் தெரிகிற விதத்தில்கூட. அப்படியெல்லாம் செய்யவே முடியாது என்று தபால் துறை ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. கணினி சரியாகத்தான் ஓடியிருக்கும் என்பது அங்கே நீதிமன்றத்தின் தொடக்க ஊகம், இல்லை என்று கேள்வி எழுப்பவேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் கிளைக்காரர் தலைமையில் 500க்கும் மேற்பட்டவர்கள் போட்ட வழக்கில் 2019 டிசம்பரில்தான் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்புச் சொன்னது. 2024 மே மாதம் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்யவேண்டி வந்தது.

இதைப் படித்தபிறகு எனக்கு லாகில் 'யார்' என்ற பத்திதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. வாடிக்கையாளர் செய்தாரா, ஊழியர் அவர் சார்பில் செய்தாரா, இரவு ஒரு மணிக்கு டெவலப்பர் நேரடியாக டேட்டாபேஸில் கைவைத்தாரா, மூன்றும் மூன்று விதமாகத் தெரியவேண்டும். அட்மின் என்ற ஒரே லாகினை நாலு பேர் பகிர்ந்துகொள்கிற இடத்தில் எவ்வளவு அழகாக லாக் அமைத்தாலும் அது பொய்சாட்சிதான். இன்னொன்று, சம்பந்தப்பட்ட ஆள் தன் கணக்கில் நடந்த திருத்தங்களைத் தானே பார்க்க முடியவேண்டும். சர்வர் ரகசியத்தை எல்லாம் காட்டச் சொல்லவில்லை. என் கணக்கு, என் வரிகள், அவ்வளவே.

கடைசியில் மெஸ் ஆப்பில் என்ன ஆனது என்றால்: மெஷின் லாக் நேரத்தோடு, ட்ரேஸ் ஐடியோடு, 30 நாள். கோரிக்கை வந்து போவது ஒரு வரியாக ஏறுகிறது, உள்ளடக்கம் ஏறாது. திருத்தப் புத்தகம் தனி டேபிள், அதில் ஏபிஐக்குச் சேர்க்க மட்டும்தான் அனுமதி, மாற்றவோ அழிக்கவோ கிடையாது. தப்பாக ஏறிய டோக்கனை அழிக்காமல் எதிர்ப்பதிவு போட்டுத்தான் சரிசெய்யவேண்டும். மெஸ் செக்ரட்டரி இதற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவரவர் திருத்தங்களை அவரவர் பார்க்கிற பக்கத்துக்கு மட்டும் நண்பன் இன்னும் மசியவில்லை. "ஆளாளுக்குப் பார்த்துட்டு ராத்திரி பன்னெண்டு மணிக்கு நம்ம ரூம் கதவைத் தட்டுவாங்கடா" என்கிறான். தட்டட்டுமே என்கிறேன் நான். அடுத்த மாச பில் போடுவதற்குள் அவனைச் சம்மதிக்க வைத்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.